கரி சொல்லும் ஊர்

சங்க இலக்கியத்தைப் பயின்றோர் இரண்டு பெண்களை எளிதில் மறந்துவிட இயலாது. ஒருத்தி குறுந்தொகையின் இருபத்தைந்தாம் பாட்டில் வருபவள், கபிலர் படைத்தவள். தலைவன் தன்னைக் கூடிய அன்று அவ்விடத்தில் வேறு யாரும் இல்லை என்றும், அவனே பொய் சொல்லிவிட்டால் தனக்கு வேறு வழியில்லை என்றும் அவள் தோழியிடம் கூறி வருந்துகிறாள். அன்று அங்கிருந்தது ஓடும் நீரில் மீனுக்காகக் காத்து நின்ற ஒரு குருகு மட்டுமே. குருகு சாட்சி சொல்ல வருமோ?

மற்றொருத்தி அகநானூற்றின் 256ஆம் பாட்டில் வருபவள். கள்ளூர் என்னும் ஊரில் அவள் நலத்தை நுகர்ந்தவன் ஒருவன், பின்னர் அவளை அறியேன் என்று பொய்ச்சூள் உரைத்தான். ஊர் அவை கூடிற்று. அறிந்தோரை வினவி உண்மை தெளிந்தது. பொய்யனை மரக்கிளையில் இறுகப் பிணித்து, அவன் தலையில் நீற்றைப் பெய்தனர். கடுவன் மள்ளனார் இந்நிகழ்ச்சியை வேறொன்றுக்கு உவமையாகவே கூறுகிறார். உவமையாகச் சொன்னால் எல்லோருக்கும் விளங்கும் அளவுக்கு அஃது ஊரறிந்த செய்தியாக இருந்திருத்தல் வேண்டும் என்று கொள்ளலாம்.

இவ்விரு பெண்களுக்கும் இடையே உள்ள வேற்றுமை யாது? அன்பில் வேற்றுமை இல்லை. ஒருத்திக்குக் கரி கிடைத்தது, மற்றவளுக்குக் கிடைக்கவில்லை. கரி என்பது சாட்சி. மணச்சடங்கு இன்றி இணைந்து வாழ்ந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் சட்டம் என்ன உரிமை தந்தது என்னும் வரலாற்றை ஆராயப் புகின், அவ்வரலாறு முழுவதும் இந்தக் கரியைத் தேடிய வரலாறே என்பது புலனாகும். ஊரைவிட்டு வந்து வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு அதில் ஒரு பாடமும் உண்டு.

கரணம் தோன்றிய காரணம்

தொல்காப்பியர் காதல் வாழ்வைக் களவு என்றும் கற்பு என்றும் இரண்டாகப் பகுத்தார். பிறர் அறியாமல் இருவர் கூடுவது களவு; பலர் அறிய மனையறம் நடத்துவது கற்பு. இரண்டிற்கும் நடுவே நிற்பது கரணம், அதாவது மணச்சடங்கு. அந்தச் சடங்கு எக்காலத்தும் இருந்தது என்று அவர் கூறவில்லை. உலகில் பொய்யும் தவறும் புகுந்த பின்னரே பெரியோர் அதனை வகுத்தனர் என்று கற்பியலில் உரைக்கிறார்.

இக்கருத்து ஆழ்ந்து நோக்கத்தக்கது. கரணம் புனிதத்திற்காக மட்டும் பிறந்தது அன்று. ஒருவன் பின்னாளில் மறுத்துரைக்காமல் இருக்கவும் பிறந்தது. இன்றைய மொழியில் கூறின், அது பலர் முன்னிலையில் எழுதப்பட்ட ஆவணம். பெற்றோர் கொடுக்காமல் இருவரும் உடன்போன இடத்தும் கரணம் உண்டு என்று அவர் இடமளித்திருப்பதையும் நாம் மறத்தலாகாது. பெற்றோர் இசைவு இல்லாமற்போகலாம். அறிவோர் இல்லாமற்போகலாகாது என்பதே அவர் கருத்துப்போலும்.

கடல் கடந்த வழக்கு

சங்ககாலத்திலிருந்து ஆங்கிலேயர் காலத்திற்கு வருவோம். 1872ஆம் ஆண்டில் இந்தியச் சாட்சியச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 50ஆம் பிரிவு, இருவரிடையே உள்ள உறவு பற்றி அவர்களை நன்கறிந்தோர் தம் நடத்தையால் வெளிப்படுத்தும் கருத்து ஏற்கத்தக்கது என்றது. இருவர் மணமானவரா என்னும் வினா எழுந்தால், நண்பர்கள் அவர்களைக் கணவன் மனைவியாக வரவேற்று நடத்தினர் என்பதும் ஒரு சான்றாகும் என்று அச்சட்டமே எடுத்துக்காட்டும் தந்தது. இயல்பாக நடக்கக் கூடியதை நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம் என்றது 114ஆம் பிரிவு. கள்ளூர் அவை செய்ததற்கும் இதற்கும் வெகுதூரம் இல்லை.

இந்த ஊகத்துக்கு உறுதியான வடிவம் தந்த தீர்ப்பு ஒரு தமிழர் வழக்கில் பிறந்தது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. இலங்கைத் தமிழர் வழக்கு ஒன்று அந்நாட்டு நீதிமன்றங்களைக் கடந்து இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. 1881ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. இலங்கையில் வழங்கிய ரோமன் டச்சுச் சட்டத்தை ஆராய்ந்த நீதிபதிகள், ஓர் ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாக வாழ்ந்தனர் என்று மெய்ப்பிக்கப்பட்டால், அவர்கள் முறையான மணத்தின் வழியே வாழ்ந்தனர் என்று சட்டம் ஊகிக்கும் என்றனர். அவ்வாறு இல்லை என்று சொல்பவரே அதனைத் தெளிவாக மெய்ப்பித்தல் வேண்டும். 1927ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து சென்ற மற்றொரு வழக்கிலும் இக்கோட்பாடு உறுதி பெற்றது. இந்திய நீதிமன்றங்கள் இத்தீர்ப்புகளை இன்றளவும் எடுத்தாளுகின்றன.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. சட்டம் மணமின்றி வாழ்வதற்கு உரிமை தரவில்லை. நெடுநாள் வாழ்ந்தவரை மணந்தவராகக் கருதிற்று. இருவருள் ஒருவருக்கு வேறு துணை உயிரோடிருந்தால் அந்த ஊகம் நில்லாது. ஒருவரைத் தண்டிக்க வேண்டிய வழக்கில் ஊராரின் கருத்து மட்டும் போதாது என்றும் 50ஆம் பிரிவு வரம்பிட்டது. ஊகம் காக்கும் கேடயமே அன்றித் தாக்கும் வாள் அன்று.

மணந்தும் மணமாகாதோர்

இருபதாம் நூற்றாண்டின் தமிழகத்தில் இதற்கு நேர்மாறான சிக்கல் ஒன்று எழுந்தது. பெரியார் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்தினர் புரோகிதரும் வேள்வித் தீயும் இன்றித் திருமணங்களை நடத்தினர். ஊர் கூடிற்று, தலைவர்கள் பேசினர், மாலை மாற்றினர், வாழ்த்தினர். கரிக்குப் பஞ்சமே இல்லை. ஆயினும் 1934இல் நடந்த அத்தகைய மணம் ஒன்று வழக்குக்கு வந்தபோது, சட்டமும் வழக்காறும் ஏற்ற சடங்குகள் இல்லாமையால் அது செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பின் விளைவை எண்ணிப் பாருங்கள். நூற்றுக்கணக்கானோர் முன்னிலையில் மணந்து, மக்களைப் பெற்று வளர்த்த இணையர்கள், சட்டத்தின் கண்ணுக்கு மணமின்றி வாழ்வோர் ஆயினர். அவர்தம் மக்களின் சொத்துரிமை ஐயத்துக்குள்ளாயிற்று.

1967இல் ஆட்சிக்கு வந்த அறிஞர் அண்ணாவின் அரசு, 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ என்னும் பிரிவைச் சேர்க்கும் திருத்தத்தைக் கொணர்ந்தது. குடியரசுத் தலைவரின் இசைவு 1968 சனவரியில் கிடைத்தது. உற்றார், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவருக்கும் விளங்கும் மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னாலும், மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் மணம் செல்லும் என்றது அச்சட்டம். முன்னர் நடந்த சுயமரியாதை மணங்களும் செல்லுபடியாயின. நேற்றுவரை மணமாகாதவராயிருந்த பாட்டியும் பாட்டனும் ஒரே சட்டத்தால் மணமக்கள் ஆயினர்! தீயும் மந்திரமும் தேவையில்லை. அறிந்தோர் முன்னிலை மட்டும் போதும் என்னும் இதில் தொல்காப்பியர் கண்ட கரணத்தின் உயிர்ப்பண்பு நிற்பதைக் காணலாம். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், இத்தகைய மணத்துக்குப் பெரிய விழாவோ பொது அறிவிப்போ கட்டாயமில்லை என்று தெளிவுறுத்திற்று.

ஆயினும் வெளி மாநிலத்தில் வாழும் நாம் ஒன்றை மனங்கொள்ளுதல் நலம். 7-அ பிரிவு தமிழ்நாட்டுக்கெனச் செய்யப்பட்ட திருத்தம். தமிழ்நாட்டுக்கு வெளியே நம் சங்க மண்டபத்தில் மாலை மட்டும் மாற்றிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அதன் துணை உண்டு என்று நம்பியிருத்தல் தகாது. சடங்கை விரும்பாதவர்க்கு 1954ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டம் நாடெங்கும் உண்டு.

அரை நூற்றாண்டு வாழ்ந்தவர்

சுதந்திர இந்தியாவில் நெடுநாள் வாழ்வுக்குச் சட்டம் தந்த மதிப்பை விளக்கும் தீர்ப்பு 1978இல் வந்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கணவன் மனைவியாக வாழ்ந்த இருவரின் மணம், பிற்காலத்தில் நிலத்தகராறு ஒன்றில் கேள்விக்குள்ளாயிற்று. நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் அதனைச் சில வரிகளில் முடித்துவிட்டார். அரை நூற்றாண்டு கழித்து, மணத்தைக் கண்ணால் கண்ட சாட்சியைக் கொண்டு வா என்றால் நம்மில் எத்தனை பேர் வெல்ல முடியும் என்பதே அவர் கருத்தின் சாரம். கேரளத்துக் குடும்பம் ஒன்றின் சொத்து வழக்கில் 2022 சூனில் உச்ச நீதிமன்றம் இதே ஊகத்தை ஏற்று, அவ்வாறு வாழ்ந்தவர்களின் மகனுக்குப் பங்கு உண்டு என்றது.

மணம் என்னும் ஊகத்தையும் கடந்து, மணமில்லா உறவைத் தன் பெயராலேயே முதலில் தழுவிய சட்டம் 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டமாகும். திருமணத்தின் இயல்பை ஒத்த உறவில் வாழ்ந்த பெண்ணும் அதன்கீழ்ப் பாதுகாப்பும் உறைவிடமும் பொருளுதவியும் கோரலாம்.

அந்த உறவு யாது என்பதை உச்ச நீதிமன்றம் 2010 அக்டோபரில் கோயம்புத்தூரிலிருந்து சென்ற ஒரு வழக்கில் வகுத்துரைத்தது. இருவரும் சமுதாயத்தின் முன் கணவன் மனைவி போலத் தம்மைக் காட்டிக்கொண்டிருத்தல் வேண்டும்; மணவயது எய்தியிருத்தல் வேண்டும்; மணந்துகொள்ளத் தடையில்லாதவராய் இருத்தல் வேண்டும்; தம் விருப்பத்தால் குறிப்பிடத்தக்க காலம் கூடி வாழ்ந்திருத்தல் வேண்டும். 2013இல் வந்த மற்றொரு தீர்ப்பு, பொதுவான பணப்புழக்கம், இல்லப் பொறுப்பு, பிள்ளைகள், உற்றார் நண்பரோடு கொண்ட பழக்கம் ஆகியவற்றையும் நோக்குமாறு கூறிற்று. இவற்றுள் முதலில் நிற்பது எது? சமுதாயத்தின் முன் காட்டிக்கொண்டது. மீண்டும் ஊரே கரி!

வயது வந்த இருவர் இணைந்து வாழ்தல் குற்றமாகாது என்பதையும் அதே 2010ஆம் ஆண்டு ஏப்ரலில், நடிகை குஷ்பு மீது தொடுக்கப்பட்ட வழக்குகளை நீக்கியபோது உச்ச நீதிமன்றம் நினைவூட்டிற்று. குற்றமன்று என்பது ஒன்று. உரிமை உண்டு என்பது வேறொன்று. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு ஏமாந்தோர் பலர்.

பிள்ளைகளின் நிலையையும் கூறுதல் வேண்டும். பிறப்பால் எந்தக் குறை கூறப்பட்டாலும், குழந்தைக்குத் தந்தையிடம் ஜீவனாம்சம் கோரும் உரிமையைக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஆங்கிலேயர் காலம் முதலே தந்திருக்கிறது. 2024 சூலை முதல் நடப்பில் உள்ள புதிய நடைமுறைச் சட்டத்திலும் அது நீடிக்கிறது. செல்லாத மணத்தில் பிறந்த இந்துக் குழந்தைகள், கூட்டுக்குடும்பச் சொத்தில் தம் தந்தைக்குரிய பங்கிலும் பங்கு பெறுவர் என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் எவ்வித மணமும் நடவாத இடத்தில் பிள்ளையும் அந்தப் பழைய ஊகத்தையே நாட வேண்டியிருக்கிறது.

உத்தராகண்டு மாநிலம் 2024இல் இயற்றி 2025 சனவரியில் நடைமுறைப்படுத்திய பொது உரிமையியல் சட்டம் மற்றொரு வழியைக் கையாண்டது. இணைந்து வாழ்வோர் தம் உறவைப் பதிவு செய்தல் வேண்டும்; கைவிடப்பட்ட பெண் ஜீவனாம்சம் கோரலாம்; பிறக்கும் குழந்தை முறையான குழந்தையாகும். ஊரின் இடத்தில் அரசே கரியாக வந்து நிற்கிறது. இது பாதுகாப்பா, தனிவாழ்வில் தலையீடா என்னும் வாதம் எழுந்தது இயல்பே.

நாம் கண்ட ஒரு கோப்பு

இதுகாறும் ஏட்டில் கண்டதைக் கூறினோம். இனி, கண்ணால் கண்டதைக் கூறுவோம். அதைக் கூறுவதற்காகவே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, நாம் குடியிருந்த அரசுக் குடியிருப்பில் நம் மாடிக்குக் கீழே ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்ந்தது. கணவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கடைநிலை ஊழியர். அவரும் அந்த அம்மையாரும் வெவ்வேறு சாதியினர். இரு வீட்டாரும் எதிர்த்தமையால் இளமையில் இரயிலேறி வடக்கே வந்தவர்கள். கோயிலில் மணம் நடக்கவில்லை, பதிவும் இல்லை. அவர் வாங்கித் தந்த மஞ்சள் கயிற்றை அம்மையார் தாமே கழுத்தில் அணிந்துகொண்டாராம். இருபத்தெட்டு ஆண்டுகள் அவ்வாறே வாழ்ந்தனர். ஒரு மகள்.

அவர் திடீரென மாரடைப்பால் இறந்தார். பணிப் பதிவேட்டில் மகளின் பெயர் இருந்தது. மனைவியின் பெயருக்குரிய இடம் வெற்றிடமாக இருந்தது. பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார் போலும். குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்த அம்மையாரிடம் திருமணச் சான்று கேட்டனர். விதியின்படி கேட்டனர், அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. மகளுக்குரியது வந்தது. தாய் தம் நிலையை நீதிமன்றத்தில் நிறுவிக்கொள்ள வேண்டியதாயிற்று.

வழக்கறிஞர் அக்கம்பக்கத்தாரின் வாக்குமூலம் வேண்டும் என்றார். ஆனால் அரசுக் குடியிருப்பில் அக்கம்பக்கம் என்பது மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறுவது. அவர்களை நெடுநாள் அறிந்தோர் மாற்றலாகியும் ஓய்வு பெற்றும் சிதறிவிட்டனர். அம்மையார் நம் வீட்டுக்கு வந்தார். நாம் தயங்கினோம். நீதிமன்றம் என்றதும் அச்சம். அவர்கள் மணமாகாதவர் என்று அப்போதுதான் அறிந்ததால் ஒரு கூச்சம். மேலதிகாரி என்ன நினைப்பாரோ என்னும் கவலை. மணத்தைக் காணாத நாம் எப்படிச் சாட்சி சொல்வது என்று விலகப் பார்த்தோம்.

அவர் அழவில்லை. "தம்பி, எங்கள் கல்யாணத்தை நீங்கள் பார்க்கவில்லை, சரி. எங்கள் வீட்டுப் பொங்கலை உண்டதில்லையா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் படியிறங்கிச் சென்றார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நான்கு பொங்கல்கள் அவ்வீட்டில் உண்டிருக்கிறோம். அவர் இரவுப்பணி முடிந்து வரும்வரை அம்மையார் விளக்கெரிய விழித்திருந்ததைக் கண்டிருக்கிறோம். சட்டம் கேட்டதும் அதைத்தானே? தாலி கட்டியதைக் கண்டீரா என்று அது கேட்கவில்லை. எவ்வாறு வாழ்ந்தனர் என்றே கேட்டது. மறுநாள் வாக்குமூலத்தில் கையெழுத்திட்டோம். அதே குடியிருப்பில் முன்னர் வாழ்ந்து, ஓய்வு பெற்றுத் திருச்சியில் தங்கிவிட்ட மூதாட்டி ஒருவர், இரண்டு இரவு இரயிலில் பயணம் செய்து வந்து, இருபதாண்டுப் பழக்கத்தை நீதிமன்றத்தில் எடுத்துரைத்தார். குடும்ப அட்டையும் மகளின் பள்ளிச் சான்றும் துணைநின்றன. மூன்றாண்டுகள் சென்றபின் அம்மையார் மனைவியென ஏற்கப்பட்டார். அந்த மூன்றாண்டுகளையும் அவர் பிறர் வீடுகளில் சமையல் செய்து கழித்தார். நாம் முதல்நாளே தயங்காதிருந்தால் சில நாள்களேனும் குறைந்திருக்கும் என்னும் எண்ணம் இன்றும் நம்மை உறுத்துகிறது.

நம் கடமை

இணைந்து வாழ்தலைப் போற்றவோ தூற்றவோ இக்கட்டுரை எழவில்லை. அது அவரவர் மனத்தையும் குடும்பத்தையும் பொறுத்தது. எந்த உறவாயினும், ஒருவர் மறைந்தபின் மற்றவர் தெருவில் நிற்கலாகாது என்பதே நம் வேண்டுகோள்.

மணந்தோர் பதிவு செய்துகொள்க. எல்லாத் திருமணங்களும் பதிவு செய்யப்படுதல் வேண்டும் என்று 2006இலேயே உச்ச நீதிமன்றம் மாநிலங்களைப் பணித்தது. அரசுப் பணியில் உள்ளோர் பணிப் பதிவேட்டில் குடும்ப விவரத்தை இன்றே சரிபார்க்க. மணமின்றி வாழ்வோர், வங்கியில் நியமனதாரராகப் பெயர் எழுதிவிட்டதாலேயே பணம் துணைக்கு உரியதாகிவிடும் என்று நம்பியிருத்தல் வேண்டா. நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரேயன்றி வாரிசு அல்லர் என்பது நீதிமன்றம் பலமுறை கூறிய கருத்து. தாமே ஈட்டிய பொருளுக்கு உயில் எழுதுதல் நலம். அந்த உயிலுக்கும் இரண்டு சாட்சிகள் வேண்டும். எங்குச் சென்றாலும் கரியின்றி அமையாது.

ஊரில் இருந்தபோது நம் தாத்தாக்களுக்குத் தாளே தேவைப்படவில்லை. ஊரே அவர்களை அறிந்திருந்தது. மாற்றல் ஆணையோடு வந்து, மாற்றல் ஆணையோடு போகும் நம் வாழ்வில் அண்டை வீட்டார் பெயரையே பலர் அறியோம். நம்மை அறிந்த ஊர் இங்கு இல்லையெனில், இச்சங்கமே நமக்கு அந்த ஊர். பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் கூடுவதோடு, ஒருவர் வாழ்வை ஒருவர் அறிந்து, வேண்டும்போது முன்வந்து மெய் சொல்லும் ஊராகவும் அது இருத்தல் வேண்டும்.

கபிலரின் தலைவிக்கு வாய்த்தது வாய்பேசாத குருகு. நம் அண்டை வீட்டுப் பெண் ஒருத்தி கதவைத் தட்டும்போது நாமும் குருகாய் நின்றுவிடாதிருப்போமாக.